பஸ்ரியாம்பிள்ளை மாமா வாங்கி வந்த ரியூப்

பஸ்ரியாம்பிள்ளை மாமா குடிக்க மாட்டார், பொய்யும் சொல்ல மாட்டார். எங்கள் கரம்பொன் கடற்கரையில் ஒரே ஆளைப் பற்றி இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வது லேசான காரியம் அல்ல. அவரிடம் இருந்த குறை ஒன்றுதான். தனக்கும் பிழை வரும் என்பதை அவரால் தாங்க முடியாது. பிழை விடாதவர் என்று சொல்லவில்லை. விடுவார், தாராளமாக விடுவார். அதை வாயால் ஒத்துக்கொள்வதுதான் நடக்காது.

அவர் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதிலும் ஆள் நுழைந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு. ஞானசவுந்தரி மாமி குழம்புக்கு உப்புக் காணாது என்று சொல்வதும் எனக்குக் கேட்கும், மாமா காணும் என்று சொல்வதும் கேட்கும். ஆகவே நான் சொல்வதில் பாதி கண்டது, பாதி கேட்டது. மிச்சத்தை மாமாவே பிற்காலத்தில் எனக்குச் சொன்னார்.

தொழில் கடல். ஆனால் ஊருக்குள் அவருக்கு இருந்த மதிப்பு அளவுக்காக. வலை பின்னுகிறவர்கள் வலைக்கண்ணை விரலால் அளந்து பார்ப்பார்கள். மாமா எல்லாவற்றையுமே அப்படித்தான் அளப்பார். பாய்மரத்துக்குச் சீலை வெட்டவும், வேலிக்குக் கதியால் நடவும், கோயில் திருநாளுக்குப் பந்தல் போடவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நூல் துண்டு, ஒரு சாண், ஒரு முழம், அவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். அளவுநாடாவைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "அது தையல்காரியளுக்கு" என்பார், நான் தையல்காரி என்று தெரிந்துகொண்டே.

ஒருமுறை திருநாள் பந்தலுக்கு வெள்ளை கட்டும்போது துணி ஒரு முழம் குறைந்துவிட்டது. எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். "வெய்யிலுக்குத் துணி சுருங்கிப் போச்சு" என்றார். அது அன்று காலைதான் கடையில் வெட்டி வந்த துணி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் அம்மா மட்டும் வீட்டுக்கு வந்து, "இவர் அளந்தால் கடலும் சுருங்கும்" என்றாள்.

அவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் பயம் அல்ல. மாமா கோபக்காரர் அல்ல. கோபக்காரர் என்றால் நல்லது, நாமும் இரண்டு சொல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இவர் குறுகிப் போவார். அந்தத் துணி விஷயத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் றோட்டுக்கே வரவில்லை. கடற்கரையோடு போய்க் கடற்கரையோடு திரும்பினார். சோற்றை அளைந்துவிட்டு எழும்பினார். மற்றவர்களுக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி அவருக்கு வெட்கம் வரும், வந்தால் ஆள் படுக்கைதான். அதனால் அந்த வீட்டில் மாமியும் மகள் ஜசிந்தாவும் அவருடைய பிழைகளைக் கண்டும் காணாமல் இருக்கப் பழகிவிட்டார்கள். இந்த மனுஷனுக்கு இது நல்ல வசதியாகப் போய்விட்டது என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஜசிந்தா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் பெயருக்கு ஏற்றபடி சம்பளம் இல்லை. மூன்று வருடமாகச் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, ஆனா ஆவன்னா எழுதப் பழக்கி, வாழ்த்துப்பா பாடவைத்துக் கொண்டிருந்தாள். எண்பத்தொன்பதாம் ஆண்டு தொண்டர்களை நிரந்தரமாக்கப் போகிறோம் என்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, யாழ்ப்பாணம் ரவுணில். ஒன்பது மணிக்கு முன்னம் கல்விக் கந்தோரில் பெயர் பதிய வேண்டும், பதியாதவர்கள் வராதவர்கள் கணக்கு. கடலுக்குப் போகிற நாளை விடப் போகமுடியாத நாள் கூடிவிட்ட காலம் அது. அவளுக்கு வேலை கிடைத்தால் அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். அதைவிட, அவளுக்கு ரீச்சர் என்ற பெயரைத் தவிர வேறு ஆசை கிடையாது. கல்யாணப் பேச்சுக்கூட அதற்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டாள்.

பஸ்ஸை நம்ப முடியாது. வந்தால் வரும். வந்தாலும் ஆமிக்காரரின் சென்றிகளில் எல்லாரையும் இறக்கிச் சோதித்து ஏற்றுவதற்குள் பொழுது போய்விடும். சைக்கிள் என்றால் இறங்கி உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏறி மிதிக்கலாம். கரம்பொன்னிலிருந்து வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பிறகு எங்கள் தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கிற பண்ணைப் பாலம். தூரம்தான், ஆனால் ஊரில் எத்தனையோ பேர் மிதிக்கிற தூரம். சைக்கிளில் போவது என்று முடிவாயிற்று.

அவளுடைய சைக்கிள் கன்னியாஸ்திரிகள் பாவித்துக் கழித்த பழைய லேடீஸ் சைக்கிள். சீலை உடுத்துக்கொண்டும் ஏறலாம். நெட்டையான சைக்கிள், கட்டையான ஜசிந்தா அதில் ஏறினால் கொடிமரத்தில் ஏறியதுபோல இருக்கும். பின்சில்லு ரியூபில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, ஒட்டுப் போட இடம் இல்லாமல் போய்விட்டது. நேர்முகத்துக்கு முந்திய வாரம் அது கடைசியாகக் காற்றை விட்டது.

"புது ரியூப் போடுவம்" என்றார் மாமா. சொன்னதோடு பழைய ரியூபைக் கழற்றி எடுத்தார். அங்கேதான் முதல் பிழை. கடற்கரைக்காரர் கையில் பழைய ரியூப் அகப்பட்டால் அது அரைமணி நேரம்கூட உயிரோடு இராது. கீலம் கீலமாக வெட்டித் துடுப்புக் கட்டவும், முளையில் சுற்றவும் கொண்டுபோய்விடுவார்கள். மாமாவும் அதையே செய்தார். அளவு அந்த ரியூபிலேயே அச்சடித்துக் கிடந்தது. அது துண்டு துண்டாகக் கடலுக்குப் போய்விட்டது. ரயரின் பக்கத்தில் இருந்த எழுத்தோ கன்னியாஸ்திரிகள் காலத்திலேயே தேய்ந்துவிட்டது.

அதற்கென்ன, அளக்கத்தான் மாமா இருக்கிறாரே. ரயர் இல்லாமல் வெறும் ரிம்மோடு நின்ற சில்லைக் கிடத்தி, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நூலை இழுத்துப் பிடித்து, முடிச்சுப் போட்டு, சாண் வைத்துப் பார்த்தார். இருபத்தைந்தரை அங்குலம் வந்தது. "இருபத்தாறு" என்று தீர்ப்புச் சொன்னார். வலைக்கண்ணை முடிச்சுக்கு உட்பக்கமாகத்தானே அளப்பார்கள், அவர் சில்லையும் அப்படியே அளந்தார். சைக்கிளுக்குச் சொல்கிற அளவு ரயரின் வெளி விளிம்பு என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. எனக்கும் தெரியாது.

வியாழக்கிழமை அவர் ரவுணுக்குப் போக, நானும் சட்டைக்கு உள்துணி வாங்க அதே பஸ்ஸில் போனேன். சைக்கிள் சாமான் கடையில் சனம் நிறைய.

"தம்பி, இருபத்தாறு ரியூப் ஒண்டு தாரும்" என்றார் மாமா.

"என்ன சைக்கிள் அண்ணை?" என்று கடைக்காரர் கேட்டார்.

"லேடீஸ்."

"லேடீஸிலையும் ரெண்டு கிடக்கு. புதுசுகள் கூடுதலா இருபத்தாறு. பழைய நெட்டைச் சைக்கிள் எண்டால் இருபத்தெட்டு. பழைய ரியூபைக் கொண்டந்தனீங்களோ? அதிலை போட்டிருக்கும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நான் அளந்து போட்டுத்தான் வந்தனான்" என்றார்.

"ரயரோடை அளந்தனீங்களோ, கழட்டிப் போட்டோ?"

"ரியூப் ரயருக்கு உள்ளையோ தம்பி கிடக்கிறது, வெளியிலையோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். கேட்பதற்கு எவ்வளவு நியாயமான கேள்வி! கடைக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு இருபத்தாறு பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "மாத்தித் தர ஏலாது அண்ணை, சாமான் வாறது கஷ்டம்" என்றார். மாமா பெட்டியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, ரவுண்காரரையே வாயடைக்க வைத்த சந்தோஷத்தில் பஸ் நிலையம் வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

பின்னேரம் ரியூபைப் போடும்போது நான் வேலிப் பொட்டுக்குள் நின்று பார்த்தேன். என் தொழிலில் இப்படி அடிக்கடி காண்பதுண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுச் சட்டையைப் போட்டுத் தாய் இழுப்பாள். மாமா அப்படித்தான் இழுத்தார். ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் எகிறி வந்தது.

"என்னப்பா, கொஞ்சம் சின்னன் மாதிரிக் கிடக்குதே" என்றாள் மாமி.

"ரப்பர் எண்டால் இழுபடத்தான் செய்யும். வலை தண்ணியிலை இறுகும், ரப்பர் காத்திலை விரியும். உமக்குக் குசினி அலுவல் இல்லையே?"

மாமி குசினிக்குப் போய்விட்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனுஷனோடு அவள் முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள். ரியூப் கடைசியில் உள்ளே போயிற்று. காற்றடித்துப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார், கல்லுப் போல நின்றது. தானே ஏறிக் கோயில் வரைக்கும் ஓடிவிட்டு வந்தார். ஜசிந்தா வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போய் வந்தாள். சனிக்கிழமையும் எங்கோ போய் வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. "எப்பிடி?" என்று மாமா எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வளவுக்கு வந்தார். தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெயில் கொஞ்சம் செயினுக்கு வேண்டுமாம். நான் விறாந்தையில் தைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ப் போத்தல் உள்ளே இருந்தது, எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது மாமா ஜசிந்தாவின் சைக்கிளை என்னுடைய சைக்கிளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் குந்தியிருந்தார்.

என்னுடையது ஜேர்மனியில் இருக்கிற அண்ணன் அனுப்பிய காசில் வாங்கிய சீனச் சைக்கிள், அதுவும் லேடீஸ்தான். ரயர் புதுசு. இரண்டு பின்சில்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே உயரம். மாமா இந்தச் சில்லின் தலையில் கையை வைத்து, அப்படியே அந்தச் சில்லின் தலைக்கு நகர்த்தினார். கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு என் ரயரில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன அளவு பிள்ளை?"

"இருபத்தெட்டு மாமா. ஏன்?"

"சும்மா" என்றார்.

எழுந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். எண்ணெய்ப் போத்தல் என் கையிலேயே இருந்தது. வயது போகிறது, மறதி வருகிறது என்று நினைத்தேன். கடைக்காரர் சொன்ன இருபத்தெட்டுக் கதை அந்த நேரத்தில் என் மண்டைக்குள் வரவே இல்லை.

மாமாவின் மண்டைக்குள் வந்தது. தன் வளவில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பொழுதுபட்ட பிறகும் அந்த ரயரை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மூன்று நாள் தாங்கியது நாளைக்கும் தாங்கும் என்று தனக்குத்தானே சொன்னாராம். பள்ளிக்கூடம் வரைக்கும் தாங்குகிற ரியூப் ரவுண் வரைக்கும் தாங்குமா என்று அவருக்கே கேள்வி வந்ததாம். வேலிப் பொட்டுக்குள் தலையை நீட்டி, "எமிலி, நாளைக்கு ஜசிந்தாவுக்கு உன்ரை சைக்கிளைக் குடு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அவருக்கோ, அந்த ஒரு சொல்லைச் சொன்னால் கடையில் பேசிய வீரம், மாமியைக் குசினிக்கு விரட்டியது, ஊரெல்லாம் எப்பிடி எப்பிடி என்று கேட்டது எல்லாம் பின்னாலேயே இழுபட்டு வந்துவிடும்போல இருந்தது. பிள்ளையின் மூன்று வருட உழைப்பு ஒரு பக்கம், தன் முகம் ஒரு பக்கம். அன்று அவர் முகத்தைக் காப்பாற்றினார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது.

திங்கட்கிழமை விடிய ஜசிந்தா நீலக் கரை போட்ட வெள்ளைச் சீலை உடுத்து, சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கரியரில் வைத்துப் புறப்பட்டாள். படலை வரைக்கும் மாமா வந்தார்.

"மெல்லமாப் போ பிள்ளை. கல்லுக்குள்ளை விடாதை."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓமப்பா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

மாமா உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். கிணற்றடியில் நின்றார். வெயில் ஏறத் தொடங்கியதும் ஓட்டமும் நடையுமாக என் படலைக்கு வந்தார்.

"சைக்கிளைத் தா."

"என்ன மாமா, எங்கை போறியள்?"

"தா பிள்ளை."

முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, லேடீஸ் சைக்கிளில், வெறும் மேலோடு அவர் போனதை ஊரே பார்த்தது. சந்தியில் நின்ற பொடியன்கள் "அண்ணைக்கு வயசு திரும்புது" என்று கத்தினார்கள். சாதாரண நாள் என்றால் அந்த ஒரு சொல்லுக்கே கிழமைக்கணக்காகப் படுத்திருப்பார். அன்று காதில் விழுந்ததாகக்கூடக் காட்டவில்லை.

அல்லைப்பிட்டி தாண்டி, இரண்டு பக்கமும் கடல் வருகிற இடத்தில் ஜசிந்தாவைக் கண்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். ரியூப் வால்வடியில் கிழிந்து, ரயர் ரிம்மை விட்டுப் புரண்டு கிடந்தது. பஸ் ஒன்று போனதாம், வாசலில் தொங்கிக்கொண்டு சனம், நிற்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடவும் வழியில்லை, சென்றிக்குக் கிட்ட ஆளில்லாத சைக்கிள் நின்றால் குண்டுச் சைக்கிளோ என்று அது வேறு வில்லங்கம். சீலைக் கரை முழுக்கப் புழுதி. அழுது முடித்த முகம்.

வழி நெடுக மாமா ஒரு பதில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் எப்படி அப்பா இங்கே என்று அவள் கேட்பாள், ரவுணில் ஒரு அலுவல் என்று சொல்ல வேண்டும். அவள் கேட்கவே இல்லை. பொலித்தீன் பையை எடுத்து என் சைக்கிளின் கரியரில் வைத்தாள். சீலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள்.

மாமா அந்தப் பழைய சைக்கிளை அங்கிருந்து கரம்பொன் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார். எதிரே வந்த ஒவ்வொருவரும், "என்ன பஸ்ரியாம்பிள்ளையண்ணை, காத்துப் போட்டுதோ?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் "ஓம்" என்றார். ரியூப் பழுது என்று சொல்லலாம், ஆணி ஏறியது என்று சொல்லலாம். அந்த "ஓம்" ஒன்றுதான் பொய்யில்லாமல் வாயில் வந்தது என்று சொன்னார்.

ஜசிந்தா கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தபோது பெயர் பதிந்து முடித்து, வாசலுக்குக் கதிரை போட்டு மறித்திருந்தார்கள். கெஞ்சிப் பார்த்தாளாம். "வேளைக்கு வந்த பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டார்களாம். அதுவும் நியாயம்தான். பின்னேரம் திரும்பி வந்தாள். படலையில் நான், மாமி, இன்னும் நாலைந்து பெண்கள் கூடிவிட்டோம்.

"சென்றியிலை மறிச்சுப் போட்டாங்கள்" என்றாள் ஜசிந்தா. "கன நேரம் விடேல்லை."

மாமா வாசலில் நின்றார். அவருக்குக் கேட்டது. பெண்கள் சென்றிக்காரரைத் திட்டத் தொடங்கினார்கள், அவர்களுடைய தாய் தகப்பனையும் சேர்த்துத் திட்டினார்கள். மாமி மார்பில் அடித்து அழுதாள். பொய் சொல்லாத மனுஷன், மகள் சொன்ன பொய்யின் நிழலில் நின்றுகொண்டார்.

என் சைக்கிள் ஏன் போனது, ஏன் அவளிடமிருந்து திரும்பி வந்தது என்று எனக்கு யோசிக்கத் தெரியாதா? எல்லாம் விளங்கிவிட்டது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை ஜசிந்தாவின் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். ஊரில் அந்தக் கதை தானாகவே நடக்கத் தொடங்கியது. மாமா உருட்டி வந்த சைக்கிளைக் கண்டவர்கள்கூட இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. சங்கக்கடையில், கிணற்றடியில், கோயில் வாசலில், "பாவம் ஜசிந்தா, சென்றியிலை மறிச்சுப் பிள்ளையின்ரை வேலையைக் கெடுத்துப் போட்டாங்கள்." மாமாவைக் காணும்போதெல்லாம் யாராவது கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அவர் தன் கையை மெல்ல இழுத்துக்கொள்வார். இந்த முறை அவர் கடற்கரையால் போகவில்லை. றோட்டாலேயே போனார், வந்தார். ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லாரிடமும் நின்று வாங்கிக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எங்கள் பங்குச் சுவாமி மாமா வீட்டுக்கு வந்தார். நான் கதிரை எடுத்துப் போட்டேன்.

"பஸ்ரியாம்பிள்ளை, நான் நாளைக்கு ஆமிக் காம்புக்குப் போய்ப் பெரியவனைக் காணப் போறன்" என்றார் சுவாமி. "எங்கடை பிள்ளையை மறிச்சது பிழை எண்டு சொல்லப் போறன். மறிச்சது உண்மை எண்டு அவை ஒரு கடிதம் தந்தால், கந்தோரிலை இன்னொரு நாள் கேக்கலாம்."

ஜசிந்தாவின் முகம் வெளிறிப் போயிற்று. "வேண்டாம் சுவாமி" என்றாள்.

"பயப்பிடாதை பிள்ளை. பேசப் போறது நான்தானே."

"வேண்டாம் சுவாமி, விடுங்கோ."

சுவாமி விடுகிற ஆள் அல்ல. எந்தச் சென்றி, எத்தனை மணி, எப்படிப்பட்ட ஆள் என்று விசாரிக்கத் தொடங்கினார். இல்லாத குற்றத்தைக் கொண்டு சுவாமி ஆமிக்காரரின் துவக்குகளுக்கு முன்னால் போய் நிற்கப் போகிறார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரும் மறிக்கேல்லை சுவாமி" என்றார்.

சுவாமி திரும்பினார்.

"நான்தான். சில்லு இருபத்தெட்டு, நான் இருபத்தாறு ரியூபை வாங்கிப் போட்டனான். அது வெடிச்சுப் போச்சு. பிழையா வாங்கினது தெரியாமல். அனுப்பினது தெரிஞ்சுகொண்டு. முதல் நாள் பின்னேரமே எனக்குத் தெரியும் சுவாமி. சொல்ல வெக்கமாக் கிடந்தது. சொல்லாமல் விட்டிட்டன்."

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா மகளின் பக்கம் திரும்பினார், ஆனால் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"பிள்ளை, உனக்கு நான் செய்தது துரோகம்."

"எனக்குத் தெரியும் அப்பா" என்றாள் ஜசிந்தா.

"வெடிச்ச பிறகு தெரிஞ்சிருக்கும்."

"இல்லையப்பா. ரியூப் வந்த பெட்டி குசினியிலை கிடந்தது. இருபத்தாறு எண்டு போட்டிருந்தது. எமிலி அக்காவின்ரை இருபத்தெட்டு, ரெண்டு சைக்கிளும் ஒரே உயரம். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்."

மாமா இப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "அப்ப ஏன் பிள்ளை ஏறிப் போனனி? எமிலியிட்டை வாங்கியிருக்கலாமே. என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீங்கள் கோபிப்பியள் எண்டில்லை" என்றாள் அவள். "குறுகிப் போவியள். சோறு தின்னமாட்டியள். அதைப் பாக்க எங்களுக்கு ஏலாது. அதைவிட, தாங்கினாலும் தாங்கும் எண்டு போட்டுப் போனனான்."

மாமா தூணை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவருடைய வெட்கத்துக்குப் பயந்து அந்த வீட்டில் இரண்டு பெண்கள் எத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும் அப்போதுதான் சரியாக விளங்கியது. வசதி என்று நான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய பாரம்! அதைச் சுமந்துகொண்டுதான் அந்தப் பிள்ளை அந்தச் சைக்கிளில் ஏறியிருக்கிறாள். சுவாமி எழுந்து, மாமாவின் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார்.

அந்த நேர்முகம் ஜசிந்தாவுக்குத் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் மறுபடி கூப்பிடுவோம் என்றார்கள். அடுத்த வருடம் நாங்களே தீவில் இல்லை. சண்டை வந்து, உடுத்த உடுப்போடு எல்லாரும் வெளிக்கிட்டோம். அவள் அகதியாகப் போன இடத்திலும் மரத்துக்குக் கீழே பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தாள், சம்பளம் இல்லாமல்தான்.

சுவாமி வந்துபோன மறுநாள் காலை மாமா வெளுத்த சேட் ஒன்று போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கல்யாணத்துக்குச் சொல்லப் போகிறவர் மாதிரி வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு படலையிலும் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். வந்தவர்களிடம், "பிள்ளையைச் சென்றியிலை ஒருத்தரும் மறிக்கேல்லை. நான் பிழையான ரியூபைப் போட்டு, தெரிஞ்சுகொண்டும் அனுப்பினனான். பிள்ளை எனக்காகப் பொய் சொன்னது. பொய்க்காரி எண்டு அதை நினையாதையுங்கோ" என்றார். சிலர் போனது போகட்டும் என்றார்கள். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒரு வீட்டில் கிழவி ஒருத்தி, "இதைச் சொல்லவோ வெய்யிலுக்கை வந்தனீ?" என்று கேட்டாளாம். "ஓம் ஆச்சி" என்றாராம்.

எங்கள் படலைக்கும் வந்தார். வியர்த்து வழிந்துகொண்டிருந்தது.

"மாமா, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நேற்று நானும் அங்கைதானே நிண்டனான்" என்றேன்.

"தெரியும் பிள்ளை. உன்னட்டையும் சொல்ல வேணும்."

சொன்னார். மற்ற வீடுகளில் சொன்னதை ஒரு சொல் குறையாமல் எனக்கும் சொன்னார். நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு அவரை உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது.

"உள்ளை வாங்கோ மாமா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றேன்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "மேற்குப் பக்கம் இன்னும் கன வீடு கிடக்கு."